பன்னிரண்டாம் தேதி

மடத்துக்கு வந்து நாற்பது நாள் ஆனபோது, உலகநாதன் தன் பெட்டியைத் திறந்து ஒரு தடித்த உறையை எடுத்துக்கொண்டு குருவைத் தேடிப் போனார்.

குரு அவரைப்பந்தலின் அடியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தார். காந்திமதி அம்மாள் உலகநாதனைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதில் இருவருக்கும் சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் 'அம்மா' என்பார். குரு 'கப்பல்காரரே' என்பார்.

"தூத்துக்குடி வீட்டோட மூலப்பத்திரம்மா. மடத்துக்கே எழுதி வச்சிருதேன். எனக்குக் காவி கொடுங்க."

குரு கை நீட்டவில்லை. உறையின்மேல் இருந்த தபால் முத்திரைகளைப் பார்த்தார்.

"இது எங்கேயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கே."

"கோவில்பட்டியில மகளுக்கு அனுப்பினேன். போன மாசம் இருபத்தொண்ணு அவ பிறந்தநாள். வீடு உனக்குத்தான்னு எழுதி, பத்திரத்தையும் வச்சு, ரிஜிஸ்தர் தபால்ல போட்டேன். அப்படியே திருப்பி அனுப்பிட்டா."

"இங்கேருந்து பதினாலு கிலோமீட்டருக்கு ரிஜிஸ்தர் தபாலா?"

உலகநாதன் உறையின் ஓரத்தை நீவினார்.

"கூட என்ன எழுதியிருந்தா?"

"ஒரு வரிகூட எழுதல."

"அவ வேண்டாம்னது எங்களுக்கா?"

அவர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் கப்பலின் இன்ஜின் அறையில் இருந்தவர். பதினோரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. வரும்போது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கொண்டுவருவார். மகள் வடிவுக்கு வாங்கிய செருப்பு எப்போதும் ஒரு அளவு சின்னதாக இருக்கும். கடைசியாகப் பார்த்த காலுக்கு வாங்கியிருப்பார். மனைவி இறந்த செய்தி கிடைத்து அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கியது இருபதாம் நாள். அன்றும் ஆட்டோவிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினார். அதற்குப் பிறகு வடிவு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

"காவி இருக்கட்டும்," என்றார் குரு. "கோவில்பட்டியில ஒரு பேங்குக்குப் போய் ஆர்.டி. கணக்கு தொடங்கிட்டு வாங்க. மாசம் ஐந்நூறு ரூபா. அஞ்சு வருஷத்துக்கு. மாசாமாசம் நீங்களே நேர்ல போய்க் கட்டணும்."

"துறவு கேட்டு வந்தவனை பேங்குக்கு அனுப்புதீங்களேம்மா."

"பென்ஷன் வருதுல்லா?"

"வருது. யாருக்காகச் சேர்க்க?"

"அதை ஃபாரத்துல கேப்பாங்க. ஒரு கட்டத்தையும் காலியா விடாம எழுதிக் கொடுங்க."

மறுநாள் அவர் பேங்குக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்த பெண் ஃபாரத்தை நீட்டினாள்.

"அறுபது மாசத்தையும் இப்பவே கட்டிருதேன்மா. எதுக்கு அலையணும்?"

"அது வேற கணக்கு சார். எஃப்.டி. அதைப் போட்டுட்டு நீங்க வீட்டுல போய்த் தூங்கலாம். இது மாசாமாசம் கட்டுறது."

"சரி, என் சேமிப்புக் கணக்குல இருந்து நீங்களே பிடிச்சுக்க முடியாதா?"

"முடியும். இந்த இடத்துல டிக் பண்ணுங்க."

பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"வேண்டாம். நேர்ல வந்து கட்டச் சொல்லியிருக்காங்க."

"யாரு சார்?"

"என்னோட குரு."

"எந்த பிராஞ்ச்ல இருக்காங்க?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தோன்றியது.

நாமினி என்ற கட்டத்தில் வடிவு என்று எழுதினார். உறவு, மகள். பிறந்த தேதி, பிப்ரவரி இருபத்தொன்று.

"அவங்க ஆதார் நகல் ஒண்ணு வச்சிருங்க சார். தேதி மாறிப்போனா பின்னால அவங்கதான் அலைவாங்க."

"பின்னாலன்னா?"

அந்தப் பெண் ஒரு கணம் தடுமாறினாள். "நீங்க நூறு வயசு இருப்பீங்க சார்," என்றாள்.

ஃபாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் மடத்துக்கு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட குரு, "பேங்குல இருந்து உங்க மக வீடு எவ்வளவு தூரம்?" என்றார்.

"ரெண்டு தெரு."

"ரெண்டு தெரு போகாம பதினாலு கிலோமீட்டர் திரும்பி வந்தீங்களாக்கும்."

அடுத்த நாள் காலை வடிவின் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

"வீட்டைத் தூக்கிட்டு நேர்லயே வந்துட்டீங்களா?"

"இல்ல. வீடு விஷயமா வரல."

"பின்னே?"

"பேங்குல ஒரு கணக்கு தொடங்குதேன். மாசம் ஐந்நூறு ரூபா. நாமினிக்கு உன் ஆதார் நகல் வேணுமாம்."

மெஷின் நின்றது.

"எவ்வளவு?"

"ஐந்நூறு."

"பெட்டி பெட்டியாக் கொண்டு வந்தவரு, ஐந்நூறு ரூபாய்க்கு வந்து நிக்குதீங்க."

"ஆமா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை. ஒரு செம்புத் தண்ணீரும் ஆதார் நகலும் கொண்டுவந்து கொடுத்தாள். உலகநாதன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"இதுல தப்பா இருக்கே. பன்னிரண்டுன்னு போட்டிருக்கான். நீ பிறந்தது இருபத்தொண்ணுல்லா?"

"பன்னிரண்டுதான்."

"இருபத்தொண்ணும்மா. எனக்குத் தெரியாதா? கப்பல் மொம்பாசாவுல நின்னுது. தந்தி வந்துது. கப்பல்ல எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்."

"உங்களுக்குத் தந்தி வந்தது இருபத்தொண்ணு. நான் பிறந்தது பன்னிரண்டு."

அவர் செம்பைக் கீழே வைத்தார். முப்பத்தாறு வருடம். ஒவ்வொரு வருடமும் சரியாக இருபத்தொன்றாம் தேதி கிடைக்கும்படி, கடலில் இருந்தவரை எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் கணக்குப் போட்டு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறார்.

"ஏன் யாரும் சொல்லல?"

வடிவு நூல்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் சொல்லக்கூடாதுன்னுட்டா. உங்க அட்டை வர்ற அன்னைக்கு மறுபடியும் பாயசம் வைப்பா. இன்னைக்கு அப்பாவுக்குப் பிறந்தநாள்னு சொல்லுவா."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. உலகநாதன் படியிறங்கி, தெருமுனை வரை வந்து, ஒரு வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார்.

அவர் உடனே பேங்குக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் தேதி வரும்வரை நான்கு நாள் காத்திருந்து, அன்று கணக்கைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி காலை பஸ்ஸில் போய்ப் பணத்தைக் கட்டினார். விடுமுறை வந்தால் மறுநாள். கட்டிய ரசீதைக் காட்ட இரண்டு தெரு நடந்தார்.

இரண்டாம் மாதம் வடிவு ரசீதை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். நான்காம் மாதம் நாற்காலியின்மேல் குவிந்திருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். ஆறாம் மாதம், "மோர் இருக்கு, குடிக்கேளா?" என்றாள். அவர் வேறு எதுவும் கொண்டுபோகவில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய அல்வாப் பெட்டியை வாங்கிவிட்டு, பாதி வழியில் நினைத்துப்பார்த்து, பேங்க் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பரில் மழை. அவருக்குக் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டார். டிசம்பரில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வடிவின் வீட்டுக்குப் போனார்.

"போன மாசம் ஏன் வரல?"

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"காய்ச்சல். பேங்குல அபராதம் போட்டுட்டாங்க."

"எவ்வளவு?"

"ஏழு ரூபா ஐம்பது காசு."

வடிவு அவர் மெலிந்திருந்த கையைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அன்று அவர் அங்கே சாப்பிட்டார்.

பிப்ரவரி வந்தது. பன்னிரண்டாம் தேதி மதியம் உலகநாதன் மடத்துக்குத் திரும்பியபோது கையில் ஒரு சின்னத் தூக்குச்சட்டி இருந்தது. குரு பந்தலடியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"மக கொடுத்துவிட்டா. பாயசம். இன்னைக்கு அவ பிறந்தநாள்."

குரு கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். மூடியில் ஊற்றி அவருக்குக் கொஞ்சம் கொடுத்தார். மிச்சத்தை நிதானமாகக் குடித்தார்.

"ஏலக்காய் தூக்கலா இருக்கு. நல்லாயிருக்கு."

"அவ அம்மா கைப்பக்குவம்."

குரு உள்ளே போய் ஒரு காவி வேட்டியை எடுத்துவந்து திண்ணைமேல் வைத்தார். புதுசு. மடிப்புக் கலையவில்லை.

"போன வருஷம் கேட்டீங்களே. வர்ற இருபத்தொண்ணாம் தேதி வச்சுக்கிடுவோமா?"

உலகநாதன் வேட்டியைப் பார்த்தார். தொடவில்லை.

"அன்னைக்கு முடியாதும்மா."

"ஏன், பேங்கா?"

"இல்ல. அன்னைக்கும் வரச்சொல்லியிருக்கா."

"என்ன விசேஷம்?"

பந்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பிறந்தநாளாம்."

குரு வேட்டியை எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டு வந்தார். தூக்குச்சட்டியைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, முந்தானையால் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"அன்னைக்குப் போறப்ப இதைக் கொண்டுபோய்க் கொடுங்க. வெறும் பாத்திரமாக் கொடுக்கக்கூடாது."

உலகநாதன் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அம்மா, அந்த வீட்டுப் பத்திரத்தை மடிச்சு இதுக்குள்ள வச்சுக் கொடுத்திரவா? இப்போ வாங்கிக்கிடுவா."

குரு முறத்திலிருந்து அவரைக்காயை ஒரு பிடி அள்ளிச் சட்டிக்குள் போட்டு மூடினார்.

"இது போதும், கப்பல்காரரே. பாத்திரம் திரும்பி வரணும்லா?"