மாசானம் கொடுக்காத மாத்திரை

மலையடி மடத்தில் ஒரு விதி. எந்த உயிரையும் கொல்லக் கூடாது. எறும்பு வந்தால் சர்க்கரை தூவி வெளியே கூட்டிப் போவார்கள். கொசுவை ஊதித்தான் விரட்டுவார்கள். அவ்வளவுதான் விதி. கேட்க லேசு.

மாசானம் அங்கே சீடன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். குரு வடிவம்மைக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு.

மடத்துச் செவலை நாய்க்குச் சொறி. காதோரமெல்லாம் பொருக்கு. முழங்காலிலும் வயிற்றிலும் முடி இல்லை. சொறிந்து சொறிந்து ரத்தம். மடத்தில் நாலு பேருக்கு அரிப்பு வந்துவிட்டது. மடத்து நிர்வாகம் பார்க்கும் மணியக்காரர் பிச்சாண்டி மாசானத்தின் முன்னால் வந்து நின்றார்.

"பத்து நாளா மருந்து குடுக்கேன்னீரு. எங்கவே குணம்? இன்னைக்குப் பொழுது அடையதுக்குள்ள சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுருவேன்."

எழுந்து நிற்கவே அதற்குத் தெம்பில்லை. அக்கரையில் விட்டால் செத்துப்போகும். மாசானம் வடிவம்மையிடம் ஓடினான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"தாயே, நான் மருந்தே குடுக்கலை."

அவள் நிமிரவில்லை.

"ஏன்?"

"மாட்டாஸ்பத்திரி டாக்டர் செவலையோட காதோரத்தை விரலால தேய்ச்சார். பின்னங்கால் தானா உதறிச்சு. சொறிப்பூச்சியாத்தான் இருக்கும்னார். பிளேடால தோலைச் சுரண்டிக் கண்ணாடியில வச்சார். என்னையும் குனிஞ்சு பாக்கச் சொன்னார்."

"என்ன இருந்துச்சு?"

"உருண்டையா ஒண்ணு. குட்டிக்குட்டிக் காலு. நடந்துச்சு தாயே."

"நடந்தா?"

"உயிருல்லா? மாத்திரையைக் குடுத்தா அத்தனையும் செத்துரும். பாக்காம இருந்திருந்தா குடுத்திருப்பேன்."

"டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில இறக்கி விட்ட ஆளு நீரு. பூச்சிகிட்ட மட்டும் தயவா?"

மாசானம் இடுப்பு மடிப்பை அவிழ்த்தான். மாத்திரை அட்டை கசங்கிக் கிடந்தது.

"இதுவும் உயிரு, அதுவும் உயிரு. நான் எதைக் கொல்ல?"

வடிவம்மை இப்போதுதான் நிமிர்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"விரலிடுக்குல என்ன வெள்ளையா?"

"களிம்பு. அரிச்சுது. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க."

"கேக்குதா?"

"ரெண்டு நாளாத் தேவலை."

"அந்தக் களிம்புலயும் பூச்சிதான் சாகுது. பூசும்போது யாருகிட்ட வந்து கேட்டீரு?"

மாசானம் விரல்களை மடக்கிக்கொண்டான். வெளியே பிச்சாண்டி சாக்கை உதறும் சத்தம் கேட்டது.

"இன்னும் இங்க என்ன நிக்கீரு?" என்றாள்.

ஓடினான். மாத்திரையைத் தயிர்ச்சோற்று உருண்டைக்குள் வைத்து நீட்டினான். செவலை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டினான். மறுபடியும் திருப்பிக்கொண்டது.

"போதும், எந்திரியும் கண்டக்டரே." பிச்சாண்டி சாக்கின் வாயை விரித்தார்.

மாசானம் நாயின் வாயைப் பிளந்தான். மாத்திரையை அடிநாக்கில் தள்ளினான். வாயைப் பொத்திப் பிடித்துத் தொண்டையைத் தடவினான். இறங்கவில்லை. தடவினான். இறங்கவில்லை. அப்புறம் ஒரு விழுங்கு.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறும். இது படுத்த சாக்கெல்லாம் கொதிதண்ணியில போடுதேன். டாக்டரைக் கூட்டியாந்து மத்த நாயிகளையும் காட்டுதேன். டாக்டர் சொன்ன கணக்குப்படி அடுத்த மாத்திரையும் குடுத்துருதேன். ஒருக்கா குடுத்தா போதாதாம்."

"அதையாவது குடுப்பீரா?"

"குடுப்பேன்."

"ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

பிச்சாண்டி சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். செவலை கண்ணை மூடிக் கிடந்தது. விலா ஏறி இறங்குகிறதா என்று மாசானம் குனிந்து பார்த்தான். ஏறி இறங்கியது. லேசாக.

வடிவம்மை பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"பொழைக்குமா தாயே?"

"தெரியாது."

அவன் மீதி மாத்திரையை இடுப்பு மடிப்பில் முடிந்தான். குரல் தாழ்ந்தது.

"விதியை மீறிட்டேன். இந்தப் பாவம் எனக்குத்தானே?"

"உமக்குத்தான்," என்றாள். "பத்து நாளா உம்ம பாரத்தைச் செவலைல்லா சுமந்துச்சு. இனி நீரு சுமயும்."