காரியஸ்தர் கடித்த கற்கண்டு

மருதங்குடி என்று ஒரு நாடு, அதைக் கடம்பராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். எந்தக் காலத்தில் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவுக்கே தெரிந்திருக்காது. அவன் கவலையெல்லாம் பல்லைப் பற்றித்தான். யாரோ ஒரு புலவன் பரிசுக்கு ஆசைப்பட்டு, "மன்னா, உன் சிரிப்பு முத்துச்சரம்" என்று பாடித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து ராஜா செங்கல் பொடியைக் குழைத்து, பித்தளை அண்டா துலக்குகிற மாதிரி பல்லைப் போட்டுத் தேய்ப்பான்.

இன்னொரு கூத்தும் உண்டு. ராஜாவைப் பார்க்க வருகிறவர்கள் மரியாதைக்கு ஓர் எலுமிச்சம்பழம் கொடுப்பது வழக்கம். மற்ற ராஜாக்கள் வாங்கி ஓரமாக வைப்பார்கள். நம்ம ஆள் அங்கேயே அறுத்து, உப்பைத் தொட்டுச் சப்பிவிடுவான்! சபை கலைந்ததும் நேரே செங்கல் பொடிக்குப் போவான்.

ஒரு சித்திரை மத்தியானம், மண்கூஜாவிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான் ராஜா. "ஐயோ அம்மா!" என்று சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தான். மூளைவரைக்கும் சுரீரென்று ஏறிவிட்டது.

"எந்தத் தண்ணீர் இது?"

காரியஸ்தர் உப்பிலி முந்திக்கொண்டார். அவருக்கு மந்திரி அரவணையாரைக் கண்டாலே ஆகாது. "மந்திரி வெட்டின கிணற்றுத் தண்ணீர், மகாராஜா! அந்த இடத்தில் ஏதோ தோஷம் இருக்கிறது. நான் அப்போதே சொன்னேன்!"

"கிணற்றை மூடு!" என்றான் ராஜா.

அரவணையாருக்குப் பகீரென்றது. ஆறு வற்றிக் கிடந்த கோடையில் கூடவே நின்று வெட்டிய கிணறு அது. அதற்கு முன்னால் பெண்கள் ஒரு குடம் ஊற்றுத்தண்ணீருக்கு ஆற்றுமணலில் பாதி நாள் காத்துக் கிடந்தார்கள். மறுபடி அவர்களை மணலுக்குத் துரத்துவதா? என்ன கோளாறு என்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் ராஜாவிடம் போய் உன் பழக்கம்தான் தப்பு என்று யார் சொல்வது?

"மகாராஜா, சோதித்துவிட்டு மூடலாமே," என்றார். "ஒருவர் அச்சு அசலாகத் தங்களைப்போலவே இருக்கட்டும். தங்கள் எலுமிச்சம்பழம், தங்கள் பற்பொடி, எல்லாம். தண்ணீர் மட்டும் ஆற்று ஊற்றிலிருந்து. அவர் பல் கூசவில்லை என்றால் குற்றம் கிணற்றுடையது. நான் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுகிறேன்."

"நான் இருக்கிறேன்!" என்று குதித்தார் உப்பிலி. ராஜா தேய்க்கிற பொடி, ராஜா சப்புகிற பழம், கடைசியில் மந்திரி பதவி! கசக்குமா?

ஆடி பிறக்கும்வரை கெடு. அதுவரை ராஜா பயந்துபோய் வெந்நீரே குடித்தான். உப்பிலியோ ராஜாவையே மிஞ்சினார். பழத்தைத் தோலோடு சப்பினார், பொடியை இரண்டு மடங்கு தேய்த்தார். வைகாசி முடியவில்லை, மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். காற்றுப் பக்கம் உட்காரச் சொன்னால் எழுந்து ஓடினார். அரவணையார் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

கெடு நாள் வந்தது. சபை நிறைய ஜனம். குளிரக் குளிர ஆற்றுத்தண்ணீர் ஒரு செம்பில் வந்தது. உப்பிலி அண்ணாந்து, ஒரு சொட்டு பல்லில் படாமல், மடக் மடக்கென்று தொண்டைக்குள்ளேயே ஊற்றிக்கொண்டார்.

"வாய் வைத்துக் குடியுமேன்," என்றான் ராஜா.

"எச்சில் பண்ணிக் குடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, மகாராஜா! பல் கூச்சமா? துளிகூட இல்லை. கிணறுதான் குற்றவாளி!"

உப்பிலி அண்ணாந்து குடிப்பார் என்று அரவணையார் நினைக்கவேயில்லை. மண்வெட்டிக்காரர்கள் வாசலில் தயாராக நின்றார்கள். மெல்ல மோதிரத்தைக் கழற்றினார். கழற்றும்போதே ஒன்று தோன்றியது.

"தோற்றேன், மகாராஜா. முறைப்படியே செய்துவிடுவோம். புது மந்திரிக்குத் தங்கள் கையால் கற்கண்டு கொடுத்து, அவர் சபையில் அதைக் கடித்துத் தின்ற பிறகல்லவா மோதிரம்?"

உப்பிலியின் முகம் வெளுத்தது. ராஜா நீட்டிய கற்கண்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"ஐயோ அம்மா!" என்று ஆளுயரத்துக்குத் துள்ளினார்.

ராஜா எழுந்தேவிட்டான். "அட, இது நம்ம துள்ளல் அல்லவா! இவர் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே இல்லையே!"

சபை கொல்லென்று சிரித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உப்பிலி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"பல்லுக்கு மேலே ஓடுபோல ஒரு பளபளப்பு இருக்கிறது, மகாராஜா," என்றார் அரவணையார். "புளிப்பு அதை இளக்குகிறது. இளகின சூட்டோடு செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் ஓடும் தேய்கிறது, ஈறும் ஒதுங்குகிறது. அப்புறம் குளிர்ச்சி, இனிப்பு, காற்று எல்லாம் நேரே நரம்பைக் கிள்ளுகின்றன."

"என்ன செய்யலாம்?"

"பழத்தை வாங்கி வையுங்கள், சப்பாதீர்கள். புளிப்பு தின்றால் வாயை நன்றாகக் கொப்பளித்து, கொஞ்ச நேரம் பல்லைச் சும்மா விடுங்கள். செங்கலை விட்டுவிட்டு நயமான பொடியால் இதமாக விளக்குங்கள். அதற்கும் கேட்காமல் ஒரே பல் வலித்தால் சொத்தையாக இருக்கும், வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து மகாராணி குரல் கொடுத்தாள். "தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறாரே, அதையும் சொல்லுங்கள் மந்திரியாரே!"

"அதுவும் பல்லைத் தேய்க்கும், தாயே. அன்றன்றைய கோபத்தைச் சபையிலேயே இறக்கிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். மோதிரத்தைத் தன் கையாலேயே அரவணையார் விரலில் போட்டான். மண்வெட்டிக்காரர்களை வீட்டுக்குப் போகச் சொன்னான். ஐப்பசி மழை பிடிக்கும்வரை கிணற்றடியில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் உப்பிலியே தண்ணீர் சேந்தி ஊற்ற வேண்டும் என்று உத்தரவானது.

"அது சரி, அரவணையாரே," என்றான் ராஜா. "முதல் நாளே உமக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"என் வாயால் சொல்லியிருந்தால் கிணற்றைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்றிருப்பீர்கள், மகாராஜா. அதனால்தான் காரியஸ்தர் வாயைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கினேன்."