ஆமையோட எச்சரிக்கைக்கு முயல் போட்ட ஹார்ட்டு

அல்லிக்குளத்துக்கு ஒரு வெப்சைட் இருந்துச்சு. எந்தத் துறைல தண்ணி கிடக்கு, எது சேறுன்னு தினமும் அதுல எழுதறது ஆமை. காட்டுல எல்லாரும் போன்ல அத பாத்துட்டுதான் தண்ணி குடிக்கவே கிளம்புவாங்க.

ஒரு நாள் வடக்குத் துறை கோரைக்குள்ள ஒரு மலைப்பாம்பு வந்து சுருண்டுக்கிச்சு. ஆமை பதறிப்போய் எழுத உக்காந்துச்சு. பதறினாலும் ஆமை ஆமைதானே? முதல்ல வணக்கம். அப்புறம் குளம் வெட்டின வரலாறு. அப்புறம் கோரைப்புல்லோட குணம். பாம்பு வந்த சேதி கடைசிக்கு முந்தின பாராவுல, கொசு முட்டை சைஸ் எழுத்துல. உச்சில மட்டும், அழகா இருக்கட்டுமேன்னு, வடக்குத் துறை பளபளன்னு மின்னுற படம்.

துள்ளான்னு ஒரு விடலை முயல். புதருக்கடில மல்லாந்து படுத்துக்கிட்டு அந்தப் பக்கத்த திறந்தான். படத்த பாத்தான். முன்னங்காலால ஒரு தள்ளு தள்ளினான். வரலாறு, கோரை, பாம்பு எல்லாம் சர்ர்ருனு ஓடிப்போச்சு. அடில ஒரு ஹார்ட்டு போட்டு, கூட்டாளிங்களுக்கும் அனுப்பிட்டான்.

சாயங்காலம் ஆமைக்கு பெருமை தாங்கல. முயல் பசங்க மொத்தமும் ஹார்ட்டு போட்டிருக்காங்கன்னு தவளைகிட்ட காட்டுச்சு. தவளை கீழ இருந்த கமெண்ட்ட படிச்சுட்டு முழிச்சுச்சு.

"யோவ் ஆமையாரே, 'செம ஸ்பாட்டு, இப்பவே போறோம்'னு போட்டிருக்கானுங்கய்யா!"

"கடைசிக்கு முந்தின பாராவுல தெளிவா சொல்லியிருக்கேனே?"

"அவனுங்க அந்த பாராவுக்கு வர்றதுக்குள்ள பாம்பு வயித்துக்குள்ள போயிருவானுங்க."

ஆமைக்கு மனசே இல்ல. ஆனாலும் வரலாற்ற தூக்குச்சு. கோரைய தூக்குச்சு. வணக்கத்த மட்டும் வெச்சுக்கவான்னு கேட்டுச்சு, தவளை முறைச்சுது. படம் இருந்த இடத்துல பாம்பு வாய பொளந்த படம் வந்துச்சு. அதுக்கு மேல கொட்டை எழுத்துல: 'வடக்குத் துறையில பாம்பு. போகாதே.'

அங்க துள்ளான் தண்ணில வாய் வெக்கப் போனான். அதுக்கு முன்னாடி, தன்னோட ஹார்ட்டுக்கு எவன் என்ன சொல்லியிருக்கான்னு பாப்போம்னு போன்ல அந்தப் பக்கத்த திறந்தான். திறந்த வாய் ஒண்ணு வந்துச்சு. நிமிந்து கோரைய பாத்தான். அதே வாய் அங்கயும் திறந்துக்கிட்டு இருந்துச்சு.

ஒரே தாவு. கூட்டாளிங்க அவனுக்கும் முன்னாடி பறந்தாங்க.

மூச்சு வாங்க ஆமை முன்னாடி வந்து நின்னு எகிறினான்.

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, பெருசு?"

"சொன்னேன்டா. அதுக்குத்தான் நீ ஹார்ட்டு போட்ட."

உசுரு போற சேதிய எழுதறவன் முதல் வரிலயே சொல்லணும், படிக்கிறவன் ஹார்ட்டு போடறதுக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிக்கணும்.