உச்சியிலிருந்து கட்டிய பிரமிடு

முன்னொரு காலத்தில், காதில் விழுந்ததெல்லாம் தனக்கும் வேண்டும் என்கிற ராஜா ஒருவர் இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் உண்டு.

ஒருநாள் கடல் வணிகன் ஒருவன் சபைக்கு வந்து பிரமிடுகளைப் பற்றிச் சொன்னான். "அடி சதுரம், அரசே. நாலு பக்கமும் முக்கோணமாகச் சாய்ந்தேறி உச்சியில் ஒரே புள்ளியில் சேரும். எகிப்தில் மலைபோல் நிற்கின்றன. அதற்குத் தெற்கே சிறியதாக, செங்குத்தாக இருக்கின்றன. பாபிலோனில் படிப்படியாக எழுப்பியிருக்கிறார்கள். எகிப்தில் அவை ராஜாக்களின் சமாதி. உச்சிக்கல் ஏறுவதற்குள் சில ராஜாக்கள் போயே சேர்ந்துவிட்டார்களாம்."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உச்சியைப் பார்க்காமலேயா! நமக்கு அந்தக் கதி வேண்டாம். நம் பிரமிடுக்கு உச்சிக்கல்லை முதலில் வையுங்கள். அடிப்பாகம் அப்புறம் ஆகட்டும்."

இதைக் கேட்டு அமைச்சர் விடங்கருக்கு உள்ளம் குளிர்ந்தது. விகடகவி சிற்றம்பலத்தை ராஜா மெச்சும்போதெல்லாம் வயிறெரிகிறவர் அவர்.

"இது சிற்றம்பலத்தால்தான் ஆகும், அரசே" என்றார்.

"அப்படியே ஆகட்டும். புலவரே, நாளைக் காலை உச்சிக்கல்லை நாம் பார்க்க வேண்டும். இல்லையேல் உமக்குத் தலை இராது."

சிற்றம்பலம் அன்று சாப்பாட்டையும் மறந்து ஊரைச் சுற்றி வந்து யோசித்தார்.

மறுநாள் காலை, ஊரின் ஒரே குன்றின்மேல் இருந்த தம் மாளிகையில் விடங்கர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். தலைக்குமேல் டொக் டொக் என்று சத்தம். மாடிக்கு ஓடினால் நடுவில் ஒரு கூர்க்கல்! கைப்பிடிச் சுவரில் உளியோடு கல்தச்சர்கள். சிற்றம்பலத்தின் பக்கத்தில் ராஜாவே நிற்கிறார்.

"ஐயோ! என் வீட்டில் என்ன அக்கிரமம் இது!"

"உச்சி வைத்தாயிற்று, அமைச்சரே" என்றார் சிற்றம்பலம். "பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து கோயில் செய்கிறார்களே நம் தச்சர்கள், அதே வேலைதான். இங்கிருந்து குன்றின் அடிவாரம்வரை நாலு பக்கமும் சரிவாகச் செதுக்கினால் பிரமிடு. தங்கள் மாளிகையின் மூலைகள் துருத்துகின்றன. பூஜையறை போகும், சமையலறை பாதி போகும். படுக்கையறை மட்டும் சரியாக நடுவில் வருகிறது. அதுதான் அரசருடைய சமாதி. அரசே, கொஞ்சம் படுத்து அளவு பார்க்கிறீர்களா?"

ராஜாவுக்குத் திக்கென்றது. உயிரோடு தம் சமாதிக்குள் நுழைய யாருக்குத்தான் பிடிக்கும்!

விடங்கர் தடாலென்று காலில் விழுந்தார். "பிரமிடே வேண்டாம், அரசே! இவரால் ஆகும் என்று நான் சொன்னதே பிசகு!"

"ஆகிவிட்டதே, விடங்கரே!" என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "நிறுத்துங்கள் உளியை. சிற்றம்பலம், என்ன பரிசு வேண்டும்?"

"கழுத்து தப்பியதே போதும், அரசே."

"வெறுங்கழுத்தாகவா தப்புவது?" என்ற ராஜா, தம் முத்துமாலையைக் கழற்றி அந்தக் கழுத்தில் போட்டார்.