சேவலுக்கு முந்திய சபை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு ராஜாவை விடியற்காலையில் மூட்டைப்பூச்சி கடித்தது. அரிப்போடு உப்பரிகைக்கு வந்த வீரபுயங்க மன்னர், வாழ்நாளில் முதன்முறையாக விடியலைப் பார்த்துச் சொக்கிப்போனார். அன்றே முரசறைந்தார்கள்: "அரண்மனைச் சோறு உண்போர் ஒருவர் விடாமல், சேவல் கூவுமுன் சபையில் இருக்க வேண்டும். மூன்று நாள் தவறினால் பதவி போகும்!"

பதவி போகும் என்ற வரியைச் சேர்த்தது மந்திரி சூலபாணி. விகடகவி கொம்பையனின் தூக்கம் எப்பேர்ப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

மூட்டைப்பூச்சியை அன்றைக்கே நசுக்கிவிட்டார்கள். ஆகவே மன்னர் மறுநாள் முதல் வழக்கம்போலத் தூங்கினார்.

கொம்பையனும் தூங்கினான். முதல் நாள் மனைவி மங்கை ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். மழை பெய்கிறதென்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். இரண்டாம் நாள் சட்டென்று எழுந்து, பல் துலக்கி, தலைப்பாகை கட்டி, சபைக்கு ஓடி மன்னரை வணங்கினான். அத்தனையும் கனவு. கண் விழித்தபோது வெயில் தொப்புளில் அடித்தது.

"நாளைக்கும் இப்படியே கிடந்தா சோத்துக்கு என்னய்யா பண்றது?" என்றாள் மங்கை.

"எழுந்திருக்கறதுதானடி கஷ்டம்? படுக்காமலே இருந்துட்டா?"

மூன்றாம் நாள். இருட்டு விலகவில்லை. சபையில் எல்லோரும் இருந்தார்கள், ஒரு மாதிரியாக. தளபதி ஈட்டியில் சாய்ந்து குறட்டை விட்டார். பள்ளியறைக் காவலர்கள்கூடக் காவலை விட்டுவிட்டு வந்து, தூணுக்கு ஒருவராகத் தூங்கினார்கள். சூலபாணி மட்டும் வாயில் மிளகை அடக்கிக்கொண்டு விழித்திருந்தார்.

"கொம்பையன் தொலைந்தான்" என்று அவர் முணுமுணுத்தபோது கதவு திறந்தது. பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேர் ஒரு கட்டிலைச் சுமந்து வந்தார்கள். கட்டிலில் மன்னர், வாய் பிளந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு. முன்னால் கொம்பையன், உதட்டில் விரல் வைத்தபடி.

கட்டிலை இறக்கினார்கள். சேவல் கூவியது. மன்னர் விழித்தார்.

"யாரங்கே! என் கட்டில் இங்கே எப்படி வந்தது?"

"ராஜத்துரோகம், மகாராஜா!" சூலபாணி பாய்ந்தார். "இவனைச் சிறையில் தள்ளுங்கள்!"

கொம்பையன் கைகூப்பினான். "அரசே, அரண்மனைச் சோறு உண்போர் ஒருவர் விடாமல் வரவேண்டும் என்பது தங்கள் ஆணை. தாங்கள் உண்பதும் அதே சோறு. இரண்டு நாளாகத் தாங்கள் வரவில்லை. இன்றும் தவறியிருந்தால் தங்கள் பதவி போயிருக்கும். துயிலும் மன்னரை எழுப்பினால் கசையடி என்பது அரண்மனை வழக்கம். அதனால்தான் எழுப்பாமல் தூக்கிவந்தேன்."

"என் பதவியா? அந்த வரியை எழுதியது யார்?"

"அடியேன் இல்லை, அரசே" என்றான் கொம்பையன்.

சூலபாணி மிளகை விழுங்கிவிட்டு இருமினார்.

மன்னருக்குக் கொட்டாவி வந்தது. அது பாதியிலேயே சிரிப்பாக மாற, கட்டில் கிறீச்சிடும்வரை குலுங்கினார். "ஆணை ரத்து! இனி வெயில் ஏறியபின்தான் சபை. சேவல் கூவுகிறதா என்று மந்திரி மட்டும் தினமும் இருட்டிலேயே வந்து கேட்டுக்கொள்ளட்டும். கொம்பையா, உனக்கு என்ன வேண்டும்?"

"இந்தக் கட்டில், அரசே. இராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை."

"எடுத்துக்கொள். இவனாக விழிக்கும்வரை யாரும் எழுப்பக் கூடாது!"

அந்த எட்டுப் பேரே சுமந்து போனார்கள். தெருமுனை திரும்புமுன் கொம்பையன் தூங்கிவிட்டான். கட்டிலை வீட்டில் இறக்கியதும் மங்கை செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஊத்திடாதீங்கம்மா," என்று எட்டுப் பேரும் குறுக்கே நின்றார்கள். "ராஜா உத்தரவு!"