எட்டுல ஒண்ணு

இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்க. சத்தம் போட்டுச் சொன்னால் கல்யாண வீட்டுக்காரர் காதில் விழுந்துவிடும்.

போட்டோக்கார ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு மூன்று கையாட்கள்: பூல்பாண்டி, நெல்லையா, தளவாய். இதில் தளவாய்தான் கெட்டிக்காரன். மற்ற ரெண்டு பேரும் அப்படித்தான் சொன்னார்கள், அவனும் மறுக்கவில்லை.

அன்றைக்கு ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா அண்ணாச்சியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூத்தவ கல்யாணத்துல தாலி கட்டுற படம் இருட்டடிச்சுப் போச்சு. இதுவும் போச்சுன்னா இந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது வே!"

மண்டபமோ குகை மாதிரி. அண்ணாச்சி மூன்று பிளாஷை எடுத்துக் கொடுத்தார். "மேடையைச் சுத்தி நிறுத்துங்கலே. மூணும் மேனுவல்ல இருக்கட்டும். பவர் எட்டுல ஒண்ணு. வெளிச்சம் பரவுறதுக்கு அந்த வெள்ளைக் குடையைத் திருப்பி வையி." சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் படம் பிடிக்க ஓடினார்.

நெல்லையா குடையைத் திருப்பிக் கொண்டுபோய் வேனிலேயே வைத்துவிட்டு வந்தான்.

அண்ணாச்சி சொன்ன மேனுவல், பிளாஷில் திருகி வைக்கிற ஒரு முறை. இவர்கள் தேடியது மேனுவல் புஸ்தகத்தை; பெட்டியில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"பிளாஷ் மூணு, புஸ்தகம் ஒண்ணு. எப்படிலே வைக்க?" என்றான் பூல்பாண்டி.

தளவாய் புஸ்தகத்தை மூன்றாகக் கிழித்தான். ஒவ்வொரு பங்கின் மேலும் ஒரு பிளாஷைப் பக்குவமாக உட்கார வைத்தான். "அட்டை உள்ள பங்கு நடுவுல இருக்கட்டும். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"எட்டுல ஒண்ணுன்னாரே?" என்றான் நெல்லையா.

அண்ணாச்சி சொன்னது வெளிச்சத்தின் பலத்தை. தளவாய்க்குக் கணக்கு வேறு மாதிரி வந்தது. "பிளாஷை ஏழு தடவை கையால பொத்தணும். எட்டாவது தடவை விடணும்."

"தாலிக்கு மூணு முடிச்சுதானலே?"

"அது அய்யர் பாடு."

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். அண்ணாச்சி கேமராவை அமுக்கினார். மூன்று பேரும் உள்ளங்கையால் பொத்தினார்கள். ரெண்டாவதும் இருட்டு. மூன்றாவதை நாத்தனார் போட்டாள். அதுவும் கும்மிருட்டு.

"ஏலே, வெளிச்சம் எங்கலே!" அண்ணாச்சி அழாத குறை.

"பதறாதீங்கண்ணாச்சி. மூணுதான ஆயிருக்கு? இன்னும் அஞ்சு முடிச்சுப் போடச் சொல்லுங்க, பளீர்னு வரும்" என்றான் தளவாய்.

நாத்தனார் முகத்தை நொடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார்.

அண்ணாச்சி பிழைப்பு போகப்போகிறது என்று தளவாய்க்குப் புரிந்தது. தன் பிளாஷையும் சேர்த்துப் பொத்தும்படி பூல்பாண்டிக்குக் கண்ணைக் காட்டினான். தோள் துண்டை முந்தானையாகப் போட்டு இழுத்துச் செருகினான். பெண்ணுக்குப் பின்னால் மண்டிபோட்டு, "தள்ளுங்கண்ணே, நானும் உங்க தங்கச்சிதான்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, நாலாவது முடிச்சைப் போட ஆரம்பித்தான்.