குயிலத் தின்ன செசிலி

ஒரு ஊர்ல ஒரு பேக்கரி இருந்துச்சாம். 'ம்' கொட்டணும் குட்டி, கொட்டலன்னா அத்தை கதைய நிறுத்திடுவேன். ம், அப்படி.

அந்த பேக்கரியில செசிலின்னு ஒருத்தி வேலை பாத்தா. ஐசிங் சர்க்கரைய மாவு மாதிரி பெசஞ்சு, கலர் போட்டு வச்சிருப்பா. அவ உருட்டுனா மொட்டு, நசுக்குனா எலை, கிள்ளுனா பட்டாம்பூச்சி. கப்கேக் மேல உக்கார வச்சான்னா தேனீகூட ஏமாந்து வரும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். உன் அத்தை மாதிரின்னு வச்சுக்கோயேன்.

ஒருநாள் பங்களாம்மா பொண்ணு மிருதுளாவுக்குப் பொறந்தநாள். "வசந்தகாலம் மாதிரி கப்கேக் வேணும், பூ வேணும், குயில் வேணும்"னு பங்களாம்மா சொல்லிட்டாங்க. அப்போ செசிலி கையில சோளமாவத் தடவிக்கிட்டு உக்காந்தா. உருட்டு உருட்டு, கிள்ளு கிள்ளு. வேப்பம்பூ வந்துச்சு, புங்கம்பூ வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு கேக் மேலயும் ஒரு கூடு. கூட்டுல வாயப் பொளந்துக்கிட்டு ஒரு குயில்குஞ்சு. அதுக்கு ஊட்டிவிட ஒரு காக்கா.

ஆமா, காக்காதான். குயிலு கூடு கட்டாது. காக்கா கூட்டுல முட்டையப் போட்டுட்டு பர்ர்ருன்னு பறந்துடும். அடைகாத்து, ஊட்டி வளக்குறது காக்கா. பேரு வாங்குறது குயிலு. செசிலியையும் பெத்தவ வளக்கல, பக்கத்து வீட்டு ரோசம்மாதான் வளத்தா. அதனால காக்கான்னா அவளுக்கு உசுரு. தூங்கிட்டியா? ம்.

அப்புறம், கேக்கெல்லாம் எடுத்துக்கிட்டு செசிலி பங்களாவுக்குப் போனா. பங்களாம்மா பாத்தாங்க. "அய்யய்யோ, நல்ல நாளும் அதுவுமா காக்காவா! குயில் இருக்கட்டும், காக்காவ எடு!"

"ரெண்டும் கறுப்புதானம்மா?"ன்னா செசிலி.

"குயில் பாடும்டி!"

கூட வந்த பேக்கரி மொதலாளி அண்ணாச்சிக்கு வேர்த்து ஊத்துது. "செசிலி, காக்கா மூக்குல மஞ்சளத் தடவு, மைனான்னு சொல்லிருவோம்."

"மாட்டேன்."

"அப்போ ஒரு பெரிய ரோசாப்பூவ வச்சு மறைச்சிரு."

"மாட்டேன்."

"அப்படின்னா காக்காவ எடு. இல்ல, நாளைலருந்து வேலைக்கு வராத!"

அந்த வேலைய விட்டா செசிலிக்கு வேற போக்கே இல்ல. ஆனாலும் என்ன பண்ணா தெரியுமா? ஒவ்வொரு காக்காவா எடுத்தா. கூடவே குயிலையும் எடுத்தா. வாயில போட்டா. லபக்! லபக்! லபக்! ஒண்ணு விடல. "போச்சு, உன் வேலையும் போச்சு!"ன்னு அண்ணாச்சி கத்துனாரு.

அப்போ மிருதுளா ஓடி வந்தா. "என் குயில் எங்கம்மா?"

"இவ தின்னுட்டாடி!"

"காக்கா இல்லாம குயில் ஏது பாப்பா? காக்காவத் தொரத்துனா குயிலும் வராது"ன்னா செசிலி.

"அப்போ எனக்குக் காக்காவும் வேணும்!"ன்னு அது தரையில உருண்டு, 'வீல்'னு ஒரே கத்து.

பங்களாம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு, "செஞ்சு தொலைடி"ன்னாங்க.

"யாருகிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் வேலை போயிருச்சே!"

அண்ணாச்சி கும்பிடாத குறை. "போகல தாயி, போகல! எப்பவும் போகாது!"

அப்புறம்தான் செசிலி கையோட கொண்டாந்த ஐசிங் டப்பாவத் தொறந்தா. இந்தத் தடவ காக்கா இன்னும் பெருசு, றெக்கைய விரிச்சுக்கிட்டு கம்பீரமா. பிள்ளைங்கல்லாம் காக்காவத்தான் மொதல்ல பிச்சுத் தின்னுச்சுங்க. பங்களாம்மாவும், யாரும் பாக்கலன்னு நெனச்சு, ஒண்ண வாயில போட்டுக்கிட்டாங்க.

அப்போ போட்டோ எடுக்குறவரு, "எல்லாரும் சிரிங்க!"ன்னாரு. சிரிச்சாங்க பாரு! பங்களாம்மா பல்லு கறுப்பு, நாக்கு கறுப்பு, ஒதடு கறுப்பு.

செசிலி கையக் கட்டிக்கிட்டு நின்னு, "எங்க, இப்ப பாடுங்கம்மா, கேப்போம்!"ன்னா.

அம்புட்டுதான் கதை. நாக்க நீட்டிப் பாத்தது போதும், உள்ள போடு. கண்ண மூடிட்டுப் படு.